கடல் இடப்பக்கம், காற்று முதுகில்: வட கடலோரம் சைக்கிளில் போக ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவில் நீண்ட தூரம் சைக்கிளில் போக ஆசை, எங்கே தொடங்கலாம் என்று புதிதாக வருகிற யாராவது கேட்டால், வட கடலோரம் என்றுதான் சொல்வேன். நெதர்லாந்தில் ராட்டர்டாமுக்குப் பக்கத்திலிருக்கும் ஹூக் வான் ஹாலந்தில் கிளம்பி, ஜெர்மனியின் வட கடல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டென்மார்க்கின் வடகோடியான ஸ்காகன் வரை ஒரே கரையாகப் போகலாம். ஏறத்தாழ 1,800 கி.மீ. எங்கே படகேறிக் குறுக்கே போகிறீர்கள், எங்கே சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நூறு, இருநூறு கூடும் குறையும்.

இது யூரோவெலோ 12 என்ற பெரிய பாதையின் ஒரு துண்டு. 2001இல் திறந்த அந்தப் பாதை வட கடலைச் சுற்றி வருகிறது. நார்வே, ஸ்வீடன், பிரிட்டன் எல்லாம் அதில் அடக்கம். முழுதும் போனால் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் ஏற்ற இறக்கம் அதிகம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாம் எடுத்துக்கொள்ளும் மூன்று நாடுகளில் மேடு என்றால் மணல்குன்றும் பாலமும்தான்.

அதனால் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். மேடு இல்லாத இடத்தில் காற்றைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. இந்தப் பாதையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது தூரம் அல்ல. காற்றும் படகு நேரமும்தான். தூரக் கணக்கு மட்டும் போட்டு வருபவர்கள் மூன்றாம் நாளே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

1. முதலில் திசை

தெற்கில் தொடங்கி வடக்கில் முடியுங்கள். இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் அடிப்பது தென்மேற்குக் காற்று. நெதர்லாந்தில் நீங்கள் வடக்கே போகிறீர்கள், ஜெர்மனியில் பெரும்பாலும் கிழக்கே, டென்மார்க்கில் மறுபடி வடக்கே. ஆக, காற்று முதுகிலோ தோளிலோதான் அதிகம் படும். ஸ்காகனிலிருந்து கீழே இறங்கி வருபவர்களை வழியில் பார்ப்பீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்தத் திசையில் இன்னொரு வசதி, கடல் எப்போதும் இடப்பக்கம் இருக்கும். குழப்பம் வந்தால் அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் எதிர்க்காற்று நாள் வரும். வானிலை அறிக்கையில் காற்றைப் போஃபோர்ட் எண்ணில் சொல்வார்கள். 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கி.மீ. வேகம். சுமையோடு சாதாரணமாக 17, 18 கி.மீ. வேகத்தில் போகிறவர், 5ஆம் எண் காற்று எதிரே வந்தால் பத்துக்கும் கீழே இறங்கிவிடுவார். அன்றைக்குப் போட்ட திட்டத்தைப் பாதியாக வெட்டிவிடுங்கள். 7 என்றால் தங்கிய இடத்திலேயே இருங்கள். திறந்த அணையில் பக்கக் காற்று சைக்கிளோடு ஆளையும் தள்ளிவிடும். நம் பாதைக்குக் கொஞ்சம் தெற்கே, ஓஸ்டர்ஸ்கெல்டே புயல் தடுப்பணை மேல் டச்சுக்காரர்கள் எதிர்க்காற்று சைக்கிள் பந்தயமே நடத்துகிறார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள், எட்டரை கிலோமீட்டர், அதுவும் புயல் காற்று வீசும் நாளாகப் பார்த்து அறிவிப்பார்கள். அவர்கள் ஊர், அவர்கள் காற்று. நாம் போட்டிக்குப் போக வேண்டாம்.

கடலோரத்தில் பல நாட்கள் காலையில் காற்று மெதுவாக இருக்கும், மதியத்துக்குமேல் ஏறும். ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட்டால் காற்றோடு போடும் சண்டை பாதியாகக் குறையும்.

மாதம் என்று கேட்டால், மே கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை. எனக்குப் பிடித்தது ஜூன். ஸ்காகன் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்து மணிக்கு மேலாகும். கூடாரம் போட இருட்டுமுன் ஓட வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, கூட்டம் அதிகம். ஏப்ரலில் குளிரும், கிழக்குக் காற்று சில நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. அக்டோபர் வந்தால் கோடைக்கால படகுகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

2. உங்கள் விடுமுறைக்கு எவ்வளவு?

முழுப் பாதைக்கு ஐந்து வாரம் வேண்டும். நாளுக்கு 50, 60 கி.மீ., ஐந்தாறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. முதல் மூன்று நாள் 40ஐத் தாண்ட வேண்டாம். கால் தாங்கும், உட்காரும் இடம்தான் பழக நாளாகும்.

ஒரு வாரம்தான் இருக்கிறதா? ஹூக் வான் ஹாலந்திலிருந்து டென் ஹெல்டர் வரை போங்கள். 160 கி.மீ. பக்கம் வரும். ஸ்கெவனிங்கன், கட்வெய்க், ஸாண்ட்வோர்ட், எக்மொண்ட் என்று மணல்குன்றுகளுக்கு நடுவே வழவழப்பான சைக்கிள் பாதை. உள்ளே கொஞ்சம் தள்ளினால் ஹேக், ஹார்லெம், அல்க்மார் என்று ரயில் நிலையங்கள். முடியாவிட்டால் ஏறிவிடலாம் என்ற தைரியம் புதிதாக வருபவருக்கு ரொம்ப முக்கியம். இரண்டு வாரம் இருந்தால் எம்டன் அல்லது பிரெமர்ஹாஃபன் வரை.

எங்கே நிறுத்தினாலும் ரயில் நிலையம் உள்ள ஊராகப் பார்த்து நிறுத்துங்கள். டென் ஹெல்டர், ஹார்லிங்கன், எம்டன், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன், பிரெமர்ஹாஃபன், குக்ஸ்ஹாஃபன், ஹூசும், எஸ்பியர், ஸ்காகன் எல்லாவற்றிலும் உண்டு. நெதர்லாந்து ரயில்களில் வார நாட்களின் காலை, மாலை நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஜெர்மனியின் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும். உள்ளூர் ரயிலில் தனி டிக்கெட் வாங்கினால் பெரும்பாலும் போதும்.

3. விசா, காப்பீடு

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. மூன்று நாடுகளும் ஷெங்கன். ஒரே விசா போதும், 180 நாளில் 90 நாள் இருக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். முழுப் பாதை போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் ஜெர்மனியாகத்தான் இருக்கும். நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் கொடுக்க முடியாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். சைக்கிள் விபத்து அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

'தினம் ஒரு ஊரில் தங்குவேன்' என்று வெறுமனே சொன்னால் அதிகாரிக்குப் பிடிக்காது. தேதி, ஊர், தங்கும் இடம் என்று ஒரு அட்டவணை போட்டு, ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளோடு கொடுங்கள். ஹூக் வான் ஹாலந்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் போகும் கப்பலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பிரிட்டனுக்குத் தனி விசா. எல்லைகளில் வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை என்றாலும், ஜெர்மனியும் டென்மார்க்கும் அவ்வப்போது சோதனை போடுகின்றன. பாஸ்போர்ட் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

4. சைக்கிளும் சுமையும்

புது சைக்கிள், விலை உயர்ந்த சைக்கிள் எதுவும் தேவையில்லை. கியர், முன்னும் பின்னும் மட்கார்டு, உறுதியான கேரியர், விளக்கு, மணி இவை உள்ள டிரெக்கிங் சைக்கிள் போதும். டயர் 40 மி.மீ. அகலம் இருந்தால் நல்லது. டென்மார்க்கில் சரளைப் பாதை நிறைய வரும். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் அங்கே மணலில் புதைந்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒற்றை கியர் சைக்கிளை வாங்கிவிடாதீர்கள். ஊருக்குள் அது சுகம். எதிர்க்காற்றில் உங்கள் நெஞ்சே பாய்மரமாகிவிடும்.

ஊரிலிருந்தே கொண்டுவருவதானால் அட்டைப் பெட்டியில் கட்ட வேண்டும். ஹேண்டிலைத் திருப்பி, முன்சக்கரத்தையும் பெடல்களையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய் ஸ்பேனரை வளைத்தவர்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு வெளியிலேயே சைக்கிள் பாதை தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து ஹார்லெம் வழியாக ஸாண்ட்வோர்ட் கடற்கரைக்கு அரை நாளில் போய்விடலாம். தெற்கே இறங்கி ஹூக்கில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அங்கேதான் தொடங்குவேன் என்றால் ராட்டர்டாமிலிருந்து மெட்ரோ போகிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் சைக்கிளையும் ஏற்றலாம்.

சுமை 15 கிலோவுக்குள் நிற்கட்டும். பின்பக்கம் இரண்டு பைகள், தண்ணீர் புகாதவை, தாழ்வாகத் தொங்க வேண்டும். கூடாரத்தைக் கேரியரின் நீளவாக்கில் கட்டுங்கள். குறுக்கே கட்டினால் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். ஜூனிலும் விரல் மூடிய கையுறை, காற்று புகாத மேல்சட்டை, மழைக் கால்சட்டை வேண்டும். பறக்கும் மணலுக்குக் கண்ணாடி. பஞ்சு வைத்த கால்சட்டை இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று கேரியரில் காய்ந்துகொண்டு.

உப்புக் காற்றும் மணலும் செயினுக்கு எமன். இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்சம் சுற்றவிட்டு, வெளியே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வெளியில் எண்ணெய் நின்றால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரைத்துவிடும். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் பெட்டி, பம்பு, அலன் சாவிகள் கையில் இருக்க வேண்டும். நெதர்லாந்தில் ஊருக்கு ஊர் சைக்கிள் கடை. டென்மார்க்கின் மேற்குக் கரையில் அப்படி இல்லை.

கிளம்புமுன் முழுச் சுமையோடு தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சென்னையில் இருப்பவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. விடியுமுன் கிளம்பி மாமல்லபுரம், மறுநாள் திரும்பல். கடற்காற்றும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு நாள் ஓட்டுவது யாராலும் முடியும். மறுநாள் காலையில் மறுபடி அதே சீட்டில் உட்கார மனம் வருகிறதா என்பதுதான் சோதனை.

5. எண்ணைப் பிடித்துப் போங்கள்

நெதர்லாந்தில் வழி கண்டுபிடிக்கப் போனே தேவையில்லை. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சந்திப்பில் நின்றால் அங்கே வரைபடப் பலகை இருக்கும். அடுத்தடுத்த எண்களுக்கு வெள்ளைப் பலகையில் பச்சை அம்புக்குறி. காலையில் அன்றைய எண்களை வரிசையாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஹேண்டிலில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்த முறையை முதலில் கொண்டுவந்தது பக்கத்து நாடான பெல்ஜியம். 1995இல், லிம்பர்க் மாநிலத்தில், ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் யோசித்தது. எண்ணோடு 'எல்எஃப் கஸ்ட்ரூட்' என்ற பலகையும் கண்ணில் பட்டால் கடலோரப் பாதையில்தான் இருக்கிறீர்கள்.

ஜெர்மனியில் வட கடலோர சைக்கிள் பாதையின் பலகையையும், நட்சத்திர வளையத்துக்குள் 12 என்று எழுதிய யூரோவெலோ பலகையையும் பாருங்கள். டென்மார்க்கில் நீலப் பலகையில் சிவப்புச் சதுரம், அதில் 1. அது மேற்குக் கரையோரத் தேசியப் பாதை. பலகை விட்டுப்போகும் இடங்களுக்காகப் போனில் இணையம் இல்லாமலும் வேலை செய்யும் சைக்கிள் வரைபடம் ஒன்று இருக்கட்டும். கார்களுக்கான வழிகாட்டியை நம்பினால் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கொண்டுபோய் விடும்.

6. சாலை விதி

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் காலியான சாலையில் முதல் திருப்பத்தில் பழைய பழக்கம் தலைகாட்டும், அவ்வளவுதான். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் போட்டிருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், கார்ச் சாலையில் போகக்கூடாது. தரையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்துக் கூர் நீட்டிக்கொண்டிருந்தால் குறுக்கே வருபவருக்கு வழிவிட வேண்டும். ஒரு குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் உரிமை.

டென்மார்க்கில் இடப்பக்கம் திரும்புவதற்குத் தனி முறை. காரைப் போலச் சாலை நடுவுக்குப் போகக்கூடாது. நேரே குறுக்குச் சாலையைத் தாண்டி, மறுமுனையின் வலது ஓரத்தில் நின்று, அங்கிருந்து திரும்ப வேண்டும். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை மேலே உயர்த்திக் காட்ட வேண்டும். மூன்று நாடுகளிலும் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் அபராதம். ஹெல்மெட் பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை, நான் போட்டுக்கொள்கிறேன்.

7. ஆறு குறுக்கிடும்போது

கடலோரம் என்றால் ஆறுகள் கடலில் சேரும் இடமெல்லாம் குறுக்கே வரும். பாலம் இருந்தால் உள்ளே வெகுதூரத்தில் இருக்கும். அதனால் நாளைத் திட்டமிடும்போது முதலில் எழுத வேண்டியது படகு நேரம்; மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

தெற்கிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். ஐமாய்டன் பக்கம் வெல்சனில் வட கடல் கால்வாயைக் கடக்கும் படகு இலவசம். டென் ஹெல்டரைத் தாண்டி, டென் ஓவரில் தொடங்கும் ஆப்ஸ்லாய்ட்டெய்க் 32 கி.மீ. நீள அணை. 1932இல் கட்டி முடித்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அந்த அணையால் ஏரியாகிப்போன பழைய கடல். நடுவில் ஒதுங்க மரம்கூட இல்லை, காற்றைப் பார்க்காமல் ஏறாதீர்கள். புதுப்பிக்கும் வேலைக்காக அங்கே சைக்கிள் பாதையைச் சில ஆண்டுகள் மூடி, சைக்கிளோடு ஏற்றிச் செல்ல இலவச பஸ் விட்டிருந்தார்கள். போவதற்கு முந்தின நாள் நிலவரம் பார்த்துவிடுங்கள்.

ஜெர்மனிக்குள் நுழைந்ததும் எம்ஸ் ஆறு. டிட்சும் என்ற மீனவ ஊரிலிருந்து எதிர்க்கரை பெட்கும் வரை ஒரு சின்னப் படகு. விட்டுவிட்டால் லேர் நகரம் வழியாகச் சுற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். மறுகரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் எம்டன். 1914இல் சென்னைமேல் குண்டு போட்டதே, அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். இப்போது கார் ஏற்றும் துறைமுகமும் நல்ல ரயில் வசதியுமாக அமைதியாக இருக்கிறது.

அப்புறம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். எதிர்க்கரையிலுள்ள எக்வார்டர்ஹோர்னேவுக்குக் கோடையில் மட்டும் படகு. இல்லையென்றால் யாடே வளைகுடாவை முழுக்கச் சுற்றிவர ஒரு நாள். வேசர் ஆற்றில் பிளெக்ஸனிலிருந்து பிரெமர்ஹாஃபனுக்கு ஆண்டு முழுக்கப் படகு உண்டு. எல்பெ ஆறுதான் பெரியது. விஷ்ஹாஃபனிலிருந்து க்ளூக்ஷ்டாட்டுக்குப் பெரிய கார்ப் படகு அடிக்கடி போகிறது. கோடையில் கார்கள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். சைக்கிள்காரர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை, ஓரமாக முன்னே போய்விடலாம். காரில் வியர்த்துக்கொண்டிருப்பவர்களைத் தாண்டிப் போவதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதைத் தாண்டி புருன்ஸ்பியூட்டலில் கீல் கால்வாய்; அதன் படகுகள் எல்லாமே இலவசம். கடைசியாக டென்மார்க்கில் த்யூபொரென் - ஆகெர் படகு.

சின்னப் படகுகளுக்குச் சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வாங்குவார்கள் என்று எண்ண வேண்டாம். நேர அட்டவணையில் வார நாள், ஞாயிறு, பருவம் மூன்றையும் பாருங்கள்.

8. அணையின் எந்தப் பக்கம்?

எம்ஸிலிருந்து டென்மார்க் எல்லை வரை உங்கள் கூடவே வருவது, கடலைத் தடுக்கப் போட்ட, புல் போர்த்திய மண் அணை. இரண்டு மாடிக்கு மேல் உயரம். பல இடங்களில் அணைக்கு இரண்டு பக்கமும் சிறு தார்ப்பாதை ஓடும். உள்பக்கம் ஒன்று, கடல் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் போவது என்பதை ஒரு நாளில் பத்து முறையாவது முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கடல் பக்கம் காட்சி நன்றாக இருக்கும். ஆனால் மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று வந்தால் அங்கே மறைப்பே கிடையாது. உள்பக்கம் அணை காற்றைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மணிக்கணக்காக இடப்பக்கம் பச்சைச் சுவர், வலப்பக்கம் வயலும் காற்றாலையும்தான். கடலைப் பார்க்க வந்தவர் அன்று கடலைப் பார்க்கவே மாட்டார். நான் செய்வது: தெற்குக் காற்று என்றால் கடல் பக்கம், வடக்குக் காற்று என்றால் உள்பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அணை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. வேலை நடக்கிறது, புயல் என்று கடல் பக்கத்தை மூடி வைத்திருந்தால் பலகையை மதியுங்கள்.

அணை முழுக்கச் செம்மறி ஆடுகள். அழகுக்கு விட்டதல்ல. புல்லைக் கட்டையாக மேய்ந்து, குளம்பால் மண்ணை மிதித்து இறுக்குகின்றன. இறுகின மண்ணில் தண்ணீர் சீக்கிரம் புகாது. ஆடு தாண்டாமல் இருக்க, பாதைக்குக் குறுக்கே சில நூறு மீட்டருக்கு ஒரு கதவு. அது தானே மூடிக்கொள்ளும் கதவு என்பதுதான் விஷயம். முன்சக்கரத்தால் முட்டித் தள்ளிக்கொண்டு போனால், முன்சக்கரம் உள்ளே போனதும் கதவு திரும்பி வந்து பின்பையில் அறையும், கொக்கி கழன்று பை தொங்கும். இறங்கி, இடுப்பால் கதவைத் தாங்கிக்கொண்டு, பின்சக்கரம் தாண்டிய பிறகு விடுங்கள். மூடிவிட்டதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை டயரில் ஏறி மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். மழை நாளில் அது பசையாகிச் சக்கரத்தையே பிடிக்கும். ஒரு சிறு குச்சி பையில் இருந்தால் உதவும்.

இன்னொன்று: அணை மேல் ஏறினால் கடல் அங்கே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இது வாடன் கடல். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கி, சேறு மட்டும் மின்னிக்கொண்டு கிடக்கும். நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளை 2009இலும் டென்மார்க் பகுதியை 2014இலும் யுனெஸ்கோ உலக மரபிடமாகச் சேர்த்தது. குளிக்க ஆசைப்பட்டால் கடற்கரைப் பலகையில் கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள். சேற்றில் வழிகாட்டி இல்லாமல் தூரம் நடக்க வேண்டாம். தண்ணீர் முன்பக்கமாக வராது. பின்னால் இருக்கும் வாய்க்கால்களை நிரப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

9. படுக்க

நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை. முகாம் மைதானங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஒரு ஆள், ஒரு சிறு கூடாரம் என்றால் பொதுவாக 15 முதல் 25 யூரோ. நெதர்லாந்தில் 'ஃபிரிண்டன் ஓப் டெ ஃபீட்ஸ்' என்ற அமைப்பில் சேர்ந்தால் சைக்கிளிலும் நடையிலும் வருபவர்களுக்கு வீட்டிலேயே அறை கொடுப்பவர்களின் பட்டியல் கிடைக்கும். காலைச் சாப்பாடும் உண்டு, ஓட்டலைவிட மிக மலிவு. ஜெர்மனியில் 'பெட் அண்ட் பைக்' பலகை மாட்டிய விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் ஈரத்துணி காயப்போட வசதியும் இருக்கும். டென்மார்க்கில் முன்பக்கம் திறந்த மரக்குடில்களைப் பாதையோரம் கட்டி வைத்திருக்கிறார்கள். சில இலவசம், சிலவற்றுக்குச் சிறு கட்டணம். மூன்று பக்கச் சுவர், கூரை, மரத்தளம், அவ்வளவுதான். படுக்கை நீங்கள் கொண்டுவர வேண்டும்.

10. சாப்பிட

ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். கோடையில் சில கடற்கரை ஊர்களில் மட்டும் விதிவிலக்கு, பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கவலை இல்லை, மூன்று நாட்டிலும் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். டென்மார்க்கின் ஆள் நடமாட்டமில்லாத பகுதிகளில் தேவாலயத்தைத் தேடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் குழாயும், பெரும்பாலும் சுத்தமான கழிவறையும் இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் ரொட்டி, சீஸ், தயிர், ஓட்ஸ், வாழைப்பழம் என்று ஓட்டலாம். சிறு அடுப்பு இருந்தால் பருப்பும் அரிசியும் கொதிக்க வைத்துக்கொள்ளலாம், பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் மசூர் பருப்பு கிடைக்கும். ஹேக் நகரைத் தாண்டும்போது சுரிநாம்காரர்களின் ரொட்டிக் கடையில் ஒரு வேளை உட்காருங்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சுரிநாம் போனவர்களின் பிள்ளைகள் நடத்துவது; காரம் நாக்குக்குத் தெரிந்த காரமாக இருக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்கு மூன்று நாட்டிலும் துறைமுகத்துக்குத் துறைமுகம் கொண்டாட்டம்.

எம்டனைச் சுற்றியுள்ள கிழக்கு ஃபிரீஸியாவில் டீ குடிக்காமல் போகக்கூடாது. காபி குடிக்கும் நாட்டில் இந்த ஒரு மூலை மட்டும் டீக்கு அடிமை. கலவையில் பெரும்பங்கு அசாம் தேயிலை, திடமாக இருக்கும். சின்னப் பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டு. அதன்மேல் கொதிக்கும் டீயை ஊற்றும்போது கற்கண்டு சடசடவென்று வெடிக்கும். பிறகு சிறு கரண்டியால் கோப்பை ஓரமாகப் பாலேட்டை விட்டால் அடியில் போய் மேகமாக மேலே வரும். கலக்கக்கூடாது. முதலில் பாலேடு, அப்புறம் கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிப்பது வழக்கம். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வையுங்கள், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எதிர்க்காற்றில் நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருபவருக்கு அந்தக் கற்கண்டு மருந்து.

11. டென்மார்க்: மணலும் முடிவும்

ரூட்பெல் பக்கம் எல்லை தாண்டியதும் நாணயம் குரோனர், விலையும் கூடும். கார்டு எல்லா இடத்திலும் போகும். எல்லையில் ஒரு நீண்ட கம்பி வேலி கண்ணில் படும். காட்டுப்பன்றி வராமல் இருக்க 2019இல் போட்டது, உங்களுக்காக அல்ல. ரீபெ, டென்மார்க்கின் மிகப் பழைய ஊர். ஓய்வு நாளை அங்கே வைத்துக்கொள்ளலாம். எஸ்பியரில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான்கு வெள்ளை மனித உருவங்கள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் உயரம்.

அதற்கப்புறம் பாதையின் குணமே மாறுகிறது. அணை முடிந்து மணல்குன்று, ஊசியிலைக் காடு, சரளை. ஹ்விடே சாண்டே பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவில் மெல்லிய மணல் திட்டின் மேல் போகிறீர்கள், இங்கே வலப்பக்கமும் தண்ணீர்தான். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் மணலில் பிடிப்பு வரும். அதையும் மீறி வழுக்கினால் கூச்சப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். தியூ தேசியப் பூங்காப் பகுதியில் கடைகள் குறைவு, ஒரு நாள் சாப்பாடு பையில் இருக்கட்டும்.

வடக்கே ரூபியர் க்னூடெ கலங்கரை விளக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால், விழுவதற்குள் 2019 அக்டோபரில் அதை அப்படியே தண்டவாளத்தின் மேல் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். மேலே ஏறிப் பார்க்கலாம்.

ஸ்காகன் ஊரைத் தாண்டி கிரெனென் மணல்முனையில் இரண்டு கடல்கள் எதிரெதிராக வந்து மோதுகின்றன. கால் நனைக்கலாம், குளிக்கத் தடை; நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். சைக்கிளை வாகன நிறுத்தத்தில் பூட்டிவிட்டு மணலில் நடந்துதான் போக வேண்டும்.

திரும்புவதற்கு ஸ்காகனிலிருந்து ஃபிரெடரிக்ஸ்ஹாவ்ன் வரை உள்ளூர் ரயில். அங்கிருந்து ஆல்போர் வழியாகக் கோபன்ஹேகனுக்கு ரயில் மாறிப் போகலாம். கோடையில் சைக்கிள் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு வாரம் முன்பே முன்பதிவு செய்யுங்கள். இன்னும் நாள் இருந்தால் ஃபிரெடரிக்ஸ்ஹாவ்னிலிருந்து ஸ்வீடனின் கோத்தன்பர்குக்குக் கப்பல் இருக்கிறது, அதே ஷெங்கன் விசா செல்லும். விமானத்துக்கு அட்டைப் பெட்டி வேண்டுமே என்று கடைசி நாளில் அலையாதீர்கள். கோபன்ஹேகனில் ஏதாவது ஒரு சைக்கிள் கடைக்கு நாலைந்து நாள் முன்பே எழுதிக் கேட்டால், புது சைக்கிள் வந்த பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார்கள், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். டேப் மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.